பழுப்புத் தாளும் கம்ப்யூட்டர் கோடும்

பழுப்புத் தாளில் வரைந்து வெட்டிய ஒரு ஜாக்கெட் மாதிரி எத்தனை வருஷம் உழைக்கும்? வறண்ட ஊராக இருந்தால் பத்து வருஷம்கூட வரும். நம் காவிரிக் கரையில் அப்படிச் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்பளம் நமுத்துப்போவதுபோலத் தாளும் நமுத்துப்போகிறது. தை வெயில் வந்ததும் மொரமொரவென்று காய்ந்து, மடித்த இடத்தில் விரிசல் விடுகிறது. போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி. பீரோ அடித்தட்டில் எதை வைத்தாலும் ஓரத்தைச் சல்லடை ஆக்கிவிட்டுத்தான் ஓயும். தோள்பட்டை முனையில் கால் அங்குலத்தைப் பூச்சி தின்றுவிட்டால், அந்த மாதிரியை வைத்து வெட்டும் ஜாக்கெட் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

"கையால் வரைந்த பேப்பர் கட்டிங்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கடையில் விற்கிற மாதிரிகளைப்போல அழகாக, அளவு பிசகாமல் செய்ய முடியுமா?" என்று பல வாசகிகள் எழுதிக் கேட்டுவிட்டார்கள். முடியும். அதற்குப் பெரிய படிப்போ பெரிய செலவோ வேண்டாம். பொறுமையும், நல்ல வெளிச்சமும், ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அதுவே இந்த வேலைக்குத் தாங்கும்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னை மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டிலேயே தையல் வைத்திருந்தார். அன்று கூரை போயிற்று. தையல் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு வாரத்தில் ஓட வைத்துவிட்டார். ஆனால் டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்த மாதிரித் தாள்கள் கூழாகிவிட்டன. ஒவ்வொரு தாளிலும் வாடிக்கைக்காரர் பெயர், மார்பளவு, கழுத்து இறக்கம், "இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்பது போன்ற குறிப்புகள். இருபது வருஷத்து வேலை அது.

"மெஷின் போயிருந்தாக்கூட லோன் போட்டு வாங்கியிருப்பேன். இதை எங்க போயி வாங்குறது?" என்றார்.

வீடு வீடாகப் போய் அளவு ஜாக்கெட் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, மறுபடி வரைந்து முடிக்க அவருக்கு அடுத்த வருஷம் ஆடி வரைக்கும் ஆயிற்று. சிலருடைய அளவு ஜாக்கெட்டும் அதே புயலில் போயிருந்தது. சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த அக்காவின் டிரங்குப் பெட்டிக்கும் ஒரு நகல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எதை எடுத்துக்கொள்வது? கட்டோரி ஜாக்கெட்டில் கைவைக்காதீர்கள். குழந்தை ஜபலாவில் ஆரம்பியுங்கள். தளர்ச்சி சேர்த்து மார்புச் சுற்று 18 அங்குலம், நீளம் 10 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மடித்து வெட்டும் பாதியின் அகலம் 4½ அங்குலம்தான். சேர்த்து வெட்டும் குட்டிக் கைக்கு இன்னும் இரண்டு அங்குலம். சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 8¼ அங்குல அகலம், 11¾ அங்குல நீளம். முழு மாதிரியும் ஒரே தாளில் அடங்கிவிடும், ஒட்டுப்போடும் தொல்லையே இல்லை. (ஜபலாவுக்குக் கழுத்தைச் சுற்றி நாடா வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குட்டி முடிச்சாகப் பக்கவாட்டில் வைத்தால் போதும். கழுத்தருகே கயிறு எதுவும் கைக்குழந்தைக்கு ஆகாது.)

பழைய தாளை எடுத்ததும் வாசலில் வைத்து உதறித் துடைத்துவிடுங்கள். பூஞ்சணம் பூத்திருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. பிறகு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில், தண்ணீர் தெளிக்காமல், மெதுவாக ஓட்டினால் மடிப்பெல்லாம் படிந்துவிடும். காய்ந்த நாளாகப் பார்த்து இதைச் செய்யுங்கள். ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் மழைநாளில் அளந்த அளவும் சித்திரையில் அளந்த அளவும் சில சமயம் ஒத்துப்போவதில்லை.

அடுத்தது மிக முக்கியம். படமெடுக்கும் முன்பே மாதிரியின் மேல் ஸ்கேல் வைத்து, சரியாக 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கிடைமட்டமாகவும், இன்னொன்று செங்குத்தாகவும் மெல்லிய பென்சிலால் போடுங்கள். மாதிரி பெரியதாக இருந்தால் 10 செ.மீ.க்கு ஒரு கட்டம் என்று தாள் முழுக்கக் கோலப்புள்ளிபோலப் பெருக்கல் குறிகள் வைத்துவிடுங்கள். துண்டு துண்டாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்க்கும்போது இந்தக் குறிகள்தான் கைகொடுக்கும்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். தையல் மாதிரிக்கு 150 புள்ளி நுணுக்கமே போதும். 300 வைத்தால் ஏ4 தாளுக்கு 2480-க்கு 3508 என்று பெரிய படமாக வரும், பழைய மடிக்கணினி திணறும். ஸ்கேன் வசதி இல்லாவிட்டால் செல்போனிலேயே எடுக்கலாம். ஆனால் குனிந்து, சாய்ந்து எடுத்தால் கோவில் கோபுரத்தை அடியில் நின்று எடுத்த போட்டோ மாதிரி மேலே குறுகி, கீழே விரிந்து வரும். தாளைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்து, ஸ்டூல்மேல் ஏறி நின்று, போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து, கொஞ்சம் ஜூம் வைத்து எடுங்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கட்டும். மாதிரி படத்தின் நடுவில் இருக்கவேண்டும். லென்ஸின் ஓரத்தில் நேர்க்கோடும் வளைந்துவிடும். எடுத்த படத்தில் உங்கள் இரண்டு 20 செ.மீ. கோடுகளும் ஒரே நீளமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் மறுபடி எடுங்கள். கோணல் படத்தைப் பின்னால் திருத்துவதைவிட ஸ்டூலில் இன்னொரு தடவை ஏறுவது சுலபம்.

இனி கம்ப்யூட்டர். இன்க்ஸ்கேப் என்று ஒரு நிரல் இருக்கிறது. 2003-லிருந்து கிடைக்கிறது. காசு கிடையாது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். போட்டோவைச் சரிசெய்யும் நிரல்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் பிசிறடிக்கும். இதிலோ ஒவ்வொரு கோடும் கணக்கு. எத்தனை பெரிதாக்கினாலும் ஊசி முனைபோலக் கூர்மையாகவே இருக்கும்.

இந்த வளைவுக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் கார் கம்பெனிகளிலிருந்து! சிட்ரோயன் கம்பெனியில் பால் த கஸ்தல்ஜோ என்பவர் 1959-ல் கண்டுபிடித்தார். 1960-களில் ரெனோ கம்பெனியில் பியேர் பெசியே என்ற இன்ஜினீயரும் தனியாகக் கண்டு, உலகம் அறியச் செய்தார். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. காரின் முதுகு வளைவுக்குப் போட்ட கணக்கு இப்போது நம் ஜாக்கெட்டின் கைக்குழிக்கு உதவுகிறது. வளைவின் இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் மீசைபோல ஒரு கைப்பிடி. மீசையை இழுத்தால் வளைவு அந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான் சூத்திரம்.

படத்தை இன்க்ஸ்கேப்பில் கொண்டுவந்ததும் முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். உங்கள் 20 செ.மீ. கோட்டை அளவுக் கருவியால் அளந்தால் 19.2 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஐ 19.2-ஆல் வகுத்தால் 1.0417. ஆகவே படத்தை 104.17 சதவீதத்துக்குப் பெரிதாக்க வேண்டும். நீளம், அகலம் இரண்டும் சேர்ந்து மாறும்படி பூட்டு போட்டுக்கொண்டு செய்யுங்கள். இப்போது திரையிலுள்ள மாதிரியும் உங்கள் கையிலுள்ள தாளும் ஒரே அளவு.

பிறகு படத்தைப் பாதி மங்கலாக்கி, அது நகராதபடி பூட்டிவிட்டு, அதன்மேல் புதிதாக ஒரு லேயர் திறந்துகொள்ளுங்கள். லேயர் என்றால் பயப்படவேண்டாம். படத்தின்மேல் கண்ணாடித் தாள் வைத்து வரைகிறோமே, அதேதான். வெட்டும் கோட்டுக்கு ஒன்று, தையல் கோட்டுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கண்ணாடித் தாள் வைத்துக்கொண்டால் பின்னால் திருத்துவது சுலபம்.

ஒரு பொத்தானை அழுத்தினால் படத்தைத் தானே கோடாக்கித் தரும் வசதி ஒன்றும் இதில் இருக்கிறது. பிள்ளைகள் உடனே அதைத்தான் காட்டுவார்கள். தையல் மாதிரிக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. பென்சில் கோட்டின் இரண்டு கரையையும் தனித்தனிக் கோடாக எடுத்துக்கொள்ளும். எண்ணெய்க்கறை, மடிப்பு, டீ சிந்தின வட்டம் எல்லாவற்றையும் விசுவாசமாக வரைந்து வைக்கும். நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வந்து விழும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் கையாலேயே மூன்று மாதிரி வரைந்துவிடலாம். பேனாக் கருவியை எடுத்து, மூலைக்கு ஒரு புள்ளி, வளைவு திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி என்று சிக்கனமாக வையுங்கள். ஜபலாவின் கழுத்துக்கு இரண்டே புள்ளி. ஜாக்கெட்டின் கைக்குழிக்கு மூன்று, மிஞ்சினால் நாலு. புள்ளி கூடக்கூட வளைவு நடுங்கும்.

ஆரி வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். தாளில் டிசைனை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியை மேலே தேய்த்துத் துணியில் இறக்குவார்கள். நம் ஊர்ப்பக்கம் தேருக்கும் மண்டபத்துக்கும் தொம்பை, தோரணம் தைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தாமரை, அன்னம், யாளி என்று வண்ணத் துணியில் வெட்டி ஒட்டித் தைக்கிற வேலை தஞ்சாவூருக்கே உரியது. தாளை இரண்டாக மடித்துப் பாதித் தாமரை வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும் என்பது குழந்தைக்கும் தெரிந்த வித்தை. கம்ப்யூட்டரிலும் அதையே செய்யுங்கள். முதுகுப் பாகத்தைப் பாதி மட்டும் வரைந்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் முழுசு கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் கரந்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தையல் டீச்சரைப்பற்றிச் சொல்லவேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு எத்தனையோ பெண்களைத் தயார் செய்தவர். லோயர், ஹையர் என்று இரண்டு தேர்வுக்கும் அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் கடை வைத்திருக்கிறார்கள். சிவப்பும் நீலமுமாக இரண்டு முனைப் பென்சிலால் வரைந்த அவருடைய மாதிரிகள் ஒரு பழைய புடவைப் பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போது வயதாகிக் கை நடுங்குகிறது. புதிதாக வரைய முடியாது. கல்லூரியில் படிக்கும் பேத்தி இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 36 அளவு ஜாக்கெட் ஒன்றை முடித்து, அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனவர் கைக்குழியில் நிறுத்திவிட்டார்.

"இது யாரு கோடு?"

"உங்க கோடுதான் அப்பாயி. கொஞ்சம் அழகு பண்ணியிருக்கேன்."

"அழகு பண்ணச் சொல்லி உன்னை யாரு கேட்டா? முன்பக்கம் உள்ள தள்ளி வெட்டியிருக்கேன் பாரு, அதை நிமித்திட்டியே! கையை முன்னால நீட்டினா அக்குள்கிட்ட துணி சேந்துக்கிட்டு கசங்கும். போட்டுக்கிறவ திட்டுவா."

பேத்தி செய்தது இதுதான்: முதுகுப் பாகத்தின் கைக்குழியை அழகாக வரைந்துவிட்டு, அதையே நகலெடுத்து முன்பக்கத்துக்கும் வைத்துவிட்டாள். பார்க்க ஒன்றுபோல இருந்தது. ஆனால் நம் கை முன்னால்தான் அதிகம் நீளுகிறது. சமைப்பது, துவைப்பது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் முன்பக்கம்தான். அதனால் நம் டெய்லர்கள் ஆம்கோல் என்று சொல்கிற அந்தக் குழியை முன்பக்கத்தில் முதுகைவிட ஆழமாகத் தோண்டுவார்கள். டீச்சர் தாளில் அந்த வித்தியாசம் கால் அங்குலத்துக்குமேல் இருந்தது. கோணல்போலத் தெரிந்தது கோணல் அல்ல, அனுபவம்.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு மாதிரியையும் ஸ்கேன் செய்யும் முன்பு டீச்சர் பார்த்து, வேண்டுமென்றே வைத்த வளைவுகளில் சிவப்பு டிக் போட்டுவிடுவார். டிக் உள்ள இடத்தை அப்படியே எடுக்கவேண்டும். டிக் இல்லாத நடுக்கத்தைச் சீராக்கலாம். நீங்களும் அம்மா, மாமியார், சின்னம்மா வரைந்த மாதிரிகளை எடுப்பதாக இருந்தால் அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். "இந்த இடத்தில் ஏன் இப்படி?" என்று கேட்டால் ஒரு கதையே வரும். அதையும் மாதிரியின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

கடைச்சரக்குபோல இருக்கவேண்டும் என்று கேட்டீர்களே, அதற்குப் பூ பார்டரும் வளைந்த எழுத்தும் தேவையில்லை. அதெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு. தையல் மாதிரியில் அழகு என்பது பொருத்தம். திரையில் முன்பக்கத்தின் தோள்கோட்டையும் முதுகின் தோள்கோட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பாருங்கள். கழுத்துக் கோடு ஒரே ஓட்டமாகப் போகிறதா? நடுவில் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டோ பள்ளமாகவோ இருந்தால் தைத்தபின் அங்கே ஒரு முண்டு வரும். கழுத்தும் தோளும் சேரும் மூலை கிட்டத்தட்டச் செங்கோணமாக இருந்தால் இந்தத் தொல்லை இராது. அதேபோலக் கைக்குழி, அடி ஓரம். பக்கத் தையலின் முன் நீளமும் பின் நீளமும் ஒன்றா என்று பார்க்க இன்க்ஸ்கேப்பில் கோட்டின் நீளம் அளக்கும் வசதி இருக்கிறது. வளைவைக்கூட அளந்து சொல்லிவிடும். டேப்பை நிறுத்திவைத்து வளைவு அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று புரியும். கையின் மேல் வளைவு, கைக்குழிச் சுற்றைவிட அரை அங்குலம் வரை கூடலாம். ஒன்றரை அங்குலம் கூடியிருந்தால் சுருக்கம் விழும். புஃப் கை வேண்டுமென்றால்தவிர அது வேண்டாம்.

தையலுக்கு விடும் துணிக்கும் வழி உண்டு. தையல் கோட்டை வரைந்தபின், அதைச் சுற்றி வேண்டிய தூரத்தில் இன்னொரு கோடு தானாகப் போட்டுத் தரும். ஆனால் அது சுற்றிலும் ஒரே அளவாக விட்டுவிடும், மடித்து வெட்டும் பக்கம் உட்பட. மடிப்போரத்தில் அதை நீக்காவிட்டால் முதுகு அகலமாகிவிடும். ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் பிரித்துப் பெரிதாக்க ஒரு அங்குலம், கழுத்தில் கால் அங்குலம் என்று இடத்துக்கு இடம் வேறுபடுவதால் நான் கைப்படவே வரைவதை விரும்புகிறேன். குண்டாகும் வயதில் பக்கத்துத் துணி எத்தனை உபகாரம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

வெட்டும் கோடு தடிமனாக இருக்கட்டும். தையல் கோடு மெல்லிய விட்டுவிட்ட கோடு. மடிப்புக்கு வளைந்த அம்பு, துணியின் நீளவாக்குக்கு இரண்டு முனை அம்பு. டக் பிடிக்கும் இடத்தில் முக்கோணம், பொருத்தும் இடத்தில் சின்ன வெட்டுக்குறி. ஒவ்வொரு பாகத்திலும் பெயர், அளவு, எத்தனை வெட்டவேண்டும், லைனிங்கிலா மேல்துணியிலா என்று தமிழிலேயே எழுதுங்கள். முடிந்ததும் எழுத்துகளைக் கோடாக மாற்றிவிடும் ஒரு கட்டளை உண்டு. அதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். எழுத்தை மாற்றாத ஒரு நகலும் உங்களிடம் இருக்கட்டும், பின்னால் திருத்த வேண்டுமே.

இனி பல பேர் தடுமாறும் இடம். 32 அளவு மாதிரி தயாராகிவிட்டது. 36 வேண்டும். படத்தை அப்படியே பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால் என்ன? ஆகாது! 36-ஐ 32-ஆல் வகுத்தால் 1.125. 14 அங்குலத் தோள் 15¾ ஆகிவிடும். கழுத்தும் அதேபோல அகன்று, ஜாக்கெட் தோளைவிட்டு நழுவும். உடம்பு பெருத்தாலும் எலும்பு அதே விகிதத்தில் பெருப்பதில்லை. மார்பில் நாலு அங்குலம் கூடினால் கால் பாகத்துக்கு ஒரு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தவேண்டும். தோள் கால் அங்குலம், அரை அங்குலம்தான் நகரும். ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் கணக்குப்படி நகர்த்தவேண்டும். இந்தப் பிரச்சினை புதிதல்ல. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற டெய்லர் 1863-ல் அளவு வாரியாகக் காகித மாதிரிகள் விற்க ஆரம்பித்ததே இதற்காகத்தான். யோசனை அவர் மனைவி எல்லனுடையது என்று சொல்வார்கள். குழந்தைக்கு உடை வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் அளவு மாற்றி வரைவது அந்த அம்மாளுக்கு அலுத்துப்போயிற்றாம். அலுக்காமல் என்ன செய்யும்!

அளவு கொடுத்தால் தானாக மாற்றி வரைந்து தரும் வாலன்டினா, சீம்லி என்ற நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய தையல் பக்கங்களில் "அ முதல் ஆ வரை மார்பளவில் கால் பங்கு" என்று போடுவார்களே, அதேபோல அதில் சூத்திரம் எழுதிவைக்கவேண்டும். அது வேறு பாடம். கையால் வரைந்ததை அப்படியே காப்பாற்றுவதற்கு இன்க்ஸ்கேப்தான் சௌகரியம்.

அச்செடுப்பது. மாதிரியின் ஓரத்தில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்று கட்டாயம் வரையுங்கள். பி.டி.எஃப். ஆக்கி ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனால், கடைப்பையன் பழக்கதோஷத்தில் "தாளுக்குப் பொருத்து" என்பதை அழுத்திவிடுவான். "தம்பி, நூறு சதவீதம் வை, சுருக்காதே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 36 அங்குல மார்பில் ஒரு அங்குலத்துக்குமேல் போய்விடும். கல்யாண ஜாக்கெட்டாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். முதல் தாள் வந்ததும் சதுரத்தை ஸ்கேலால் அளந்து, சரியாக இருந்தால்தான் மீதியை அடிக்கச் சொல்லவேண்டும். 9.7 இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஏ4 தாள்களை ஒட்டுவது சள்ளை என்றால், வீட்டுப் பிளான் அச்சடிக்கும் கடைகளில் ஏ0 தாளில் ஒரே விரிப்பாக எடுத்துத் தருவார்கள். 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. நீளம். ஜாக்கெட் என்ன, சுடிதார் டாப்பே அடங்கும்.

முதல் அச்சை நேரே பட்டில் வைத்து வெட்டவேண்டாம். பழைய வேட்டித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள்.

கோப்புக்கு "புதுசு", "புதுசு 2", "கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. "ஜாக்கெட் 36 கட்டோரி 2025 தை" என்பதுபோல அளவும் மாதமும் இருக்கட்டும். மடிக்கணினியில் ஒரு நகல், பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. மூன்றும் ஒரே பீரோவில் இருந்தால் பயனில்லை. ஒரத்தநாட்டு அக்காவின் மாதிரிகள் இப்போது திருச்சியில் இருக்கும் அவர் மகளிடமும் ஒரு நகல் இருக்கின்றன. வாடிக்கைக்காரரின் அளவுகள் அவரவர் சொந்த விஷயம் என்பதால், பெயருக்குப் பதிலாக நம்பர் போட்டு, பெயர் எழுதிய நோட்டைத் தனியாக வைத்திருக்கிறார். நல்ல வழக்கம்.

"பத்திரிகையோடு இலவசமாக வந்த மாதிரியை இப்படிச் செய்து விற்கலாமா?" என்று மன்னார்குடி வாசகி கேட்டிருக்கிறார். கூடாதம்மா. உங்கள் வீட்டு உபயோகத்துக்குத் தைத்துக்கொள்வதோடு சரி, வரைந்தவரிடம் கேட்காமல் விற்கக்கூடாது. நீங்களே அளவெடுத்து, நீங்களே வரைந்தது உங்களுடையது, தாராளமாக விற்கலாம். கரந்தை டீச்சரின் மாதிரிகளைப் பேத்தி இப்போது தையல் வகுப்புகளுக்குக் கொடுக்கிறாள். ஒவ்வொரு தாளின் கீழும் டீச்சரின் பெயரும், எந்த வருஷம் வரைந்தது என்பதும் இருக்கிறது. முன்பக்கக் கைக்குழியின் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக்கும்!

அடுத்த இதழில், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை ஒரு வருஷத்துக்குமேல் வரும்படி வளர்த்தித் தைப்பது எப்படி என்று பார்க்கலாம். பழைய சீருடை ஒன்றைப் பிரித்து, துவைத்து, தயாராக வைத்திருங்கள்.